முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்
(அன்பியத்தில் இறைவார்த்தைத் தியானம்: வானொலி மறையுரை)



எருசலேமிலிருந்து எம்மாவு ஊருக்கு ஏறக்குறையப் பதினொரு கிலோமீட்டர். ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று அந்த வழியில் இரண்டு சீடர்கள் நடந்து போனதை லூக்கா தம் நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஒருவர் பெயர் கிளயோப்பா. மற்றவருக்குப் பெயர் இல்லை. அந்த இடத்தில் நம் ஒவ்வொருவருடைய பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

இயேசு அவர்களோடு சேர்ந்து நடக்கிறார். எடுத்த எடுப்பில் அவர் மறைநூலை விளக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை காத்திருக்கிறார். அதன் பிறகே மோசே முதல் இறைவாக்கினர்வரை எடுத்துச் சொல்கிறார். அப்பம் பிட்கையில் அவர்களுடைய கண்கள் திறக்கின்றன. வழியில் தங்கள் உள்ளம் பற்றி எரிந்ததை இருவரும் ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். பிறகு, இருட்டிவிட்டதே என்று பாராமல், வந்த வழியே எருசலேமுக்குத் திரும்புகிறார்கள்.

கேட்பது, வார்த்தையைத் திறப்பது, உள்ளம் எரிவது, பகிர்வது, எழுந்து போவது. நம் அன்பியக் கூட்டங்களில் நாம் செய்ய முயல்வதும் இதைத்தான்.

திருவிவிலியத்தைத் தியானமாக வாசிக்கும் வழக்கம் திருஅவையில் மிகப் பழையது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில், உழைப்புக்கு நேரம் குறித்தது போலவே இந்த வாசிப்புக்கும் நேரம் குறித்திருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, இதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். வாசிப்பது முதல் படி, தியானிப்பது இரண்டாம் படி, மன்றாடுவது மூன்றாம் படி, இறைவனில் அமைதியாக இளைப்பாறுவது நான்காம் படி. அவர் இதை உணவோடும் ஒப்பிடுகிறார்: வாசிக்கும்போது உணவை வாயில் வைக்கிறோம், தியானிக்கும்போது மெல்லுகிறோம், மன்றாடும்போது சுவை தெரிகிறது, அதற்கப்பால் இருப்பது இனிமை மட்டுமே. மாடு அசைபோடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவசரமாக மேய்ந்ததை நிழலில் படுத்து நிதானமாக அசைபோட்டால்தான் அது பாலாகும்.

நீண்ட காலம் இது பெரும்பாலும் துறவு மடங்களுக்குள்ளேயே இருந்தது. 1965 நவம்பர் 18 அன்று வெளியான, இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, திருவிவிலியத்தை அடிக்கடி வாசிக்கும்படி எல்லா இறைமக்களையும் ஊக்குவித்தது. 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் திருத்தூது ஊக்கவுரையில் நான்கு படிகளையும் விளக்கிவிட்டு, வாசிப்பு செயலில் போய்ச் சேராதவரை அது முற்றுப்பெறுவதில்லை என்றும் நினைவூட்டினார்.

தனியாகச் செய்யும் இந்தத் தியானத்தைக் குழுவாகச் செய்வது எப்படி? தென்னாப்பிரிக்காவின் லும்கோ மேய்ப்புப்பணி நிறுவனத்தில் பணியாற்றிய, பின்னர் ஆயர்களான ஃபிரிட்ஸ் லோபிங்கரும் ஓஸ்வால்ட் ஹிர்மரும் இதற்கு எளிய வழி காட்டினார்கள். அதுவே ஏழு படி முறை. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, சிறு சமூகங்களின் ஒன்றிப்பாகத் திருஅவை வாழ வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகு, இந்த முறை ஆசிய நாடுகளிலும் பரவியது. நம் அன்பியங்களில் பலருக்கு இது பழக்கமானதுதான். ஆனாலும் பழக்கம் சில நேரம் சடங்காகிவிடுகிறது. ஆகவே மீண்டும் ஒருமுறை பார்ப்போம்.

முதல் படியில் ஆண்டவரை அழைக்கிறோம். நடுவில் திருவிவிலியமும் எரியும் மெழுகுதிரியும் இருக்க, ஒருவர் தம் சொந்த வார்த்தைகளில் மன்றாடுகிறார். இரண்டாம் படியில் பாடத்தை ஒருவர் நிறுத்தி, தெளிவாக வாசிக்கிறார். பத்துப் பன்னிரண்டு வசனங்கள் போதும்.

மூன்றாம் படியில் மனத்தைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்கிறோம். விளக்கம் வேண்டாம். சொல் மட்டும், மெதுவாக, மூன்று முறை. ஒருவர் சொன்னதை இன்னொருவரும் சொல்லலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும், கல்லூரிப் பேராசிரியரும் இந்தப் படியில் சமம். அவரவர் காதில் விழுந்த ஒரு சொல்தான் அவரவர் காணிக்கை.

நான்காம் படி மௌனம். குறைந்தது மூன்று நிமிடம். நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரு நிமிடம் ஆனதும் யாராவது பாட்டு ஒன்றைத் தொடங்கிவிடுவோம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டால் கேட்கட்டும். சிறுவன் சாமுவேலும் ஆண்டவர் அழைத்ததை உடனே புரிந்துகொள்ளவில்லை. மூன்று முறை ஏலியிடம் ஓடிய பிறகுதான் அழைப்பது யார் என்று தெரிந்தது.

ஐந்தாம் படி பகிர்வு. அன்பியம் வளர்வதும் உடைவதும் இந்தப் படியில்தான். எங்கள் அன்பியத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் மற்ற அன்பியங்களுக்குப் பயன்படும்.

ஒரு மாலை, மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்திலிருந்து, இயேசு கடலில் புயலை அடக்கிய பகுதியை வாசித்தோம். மகனை நோயில் பறிகொடுத்த ஒரு தாய் எங்களோடு இருந்தார். படகில் இயேசு தூங்கினார் என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். பகிர்வு வந்தபோது, "என் பையன் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் ஆண்டவர் இப்படித்தான் தூங்கிட்டு இருந்தார்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

நாங்கள் பதறிவிட்டோம். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா, எல்லாம் அவர் சித்தம்" என்றார் எங்களில் ஒருவர். நம்பிக்கையைப் பற்றி இன்னொருவர் பத்து நிமிடம் பேசினார். வேறொருவர் யோபுவைப் பற்றிச் சொன்னார். அந்தத் தாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. ஐந்து மாதம் வரவில்லை.

பிறகு எங்களில் இருவர் அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. காபி கொடுத்தார். "நான் யாருகிட்டயும் பதில் கேட்கலையேக்கா. பைபிள்ல இருந்ததைத்தானே சொன்னேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. திரும்பி வந்து அந்தப் பகுதியை மறுபடியும் வாசித்தோம். படகிலிருந்த சீடர்கள் சொன்னதும் அதேதான். நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று கேட்டே அவரை எழுப்புகிறார்கள். மாற்கு எழுதியுள்ள வரிசையைக் கவனியுங்கள். இயேசு எழுந்ததும் முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார். அதன் பிறகுதான் அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறார். நாங்களோ புயலில் நின்ற ஒரு தாயிடம் முதலிலேயே நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டோம். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். நாங்கள் ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

அன்று முதல் எங்கள் அன்பியத்தில் பகிர்வுக்குச் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். ஒவ்வொருவரும் "நான்" என்று தொடங்கிப் பேச வேண்டும்; "நீங்கள்" என்றோ "மக்கள்" என்றோ பேசினால் அது மறையுரையாகிவிடும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலோ திருத்தமோ அறிவுரையோ சொல்வதில்லை. எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசுவதில்லை. பேச விரும்பாதவரை வற்புறுத்துவதில்லை. இங்கே சொன்னது இந்த வாசலைத் தாண்டாது. கடைசி ஒழுங்கை மீறினால் மற்றவை எல்லாம் வீண். ஒருவருடைய கண்ணீர் மறுநாள் தெருக்குழாயடியில் பேச்சானால், அதன் பிறகு அங்கே யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள்.

அப்படியானால் தவறான விளக்கம் வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருஅவையின் போதனையைக் கற்க மறைக்கல்வி இருக்கிறது, விவிலிய வகுப்பு இருக்கிறது, பங்குத்தந்தை இருக்கிறார். ஐயம் எழுந்தால் குறித்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்கலாம். ஆனால் வலியோடு ஒருவர் சொல்வது கொள்கை விளக்கம் அல்ல, அது மன்றாட்டு. திருப்பாடல்களில் பாதி அப்படிப்பட்டவைதானே!

ஆறாம் படியில், இந்த வார்த்தை நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்று பேசி ஒரு முடிவெடுக்கிறோம். முடிவு சிறியதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். யார், எந்த நாளில் செய்வது என்பதும் தெரிய வேண்டும். "ஏழைகளுக்கு உதவுவோம்" என்பது முடிவு ஆகாது. எங்கள் பகுதியில் ஒருவர் அரசு மருத்துவமனையில் இருந்தபோது, இரவு துணைக்கு இருக்க நான்கு பேர் முறை வைத்துக்கொண்டோம். புயலைப் பற்றி வாசித்ததன் பலன் அதுதான். அடுத்த கூட்டத்தில், சென்ற முறை தீர்மானித்ததைச் செய்தோமா என்று மறக்காமல் கேட்க வேண்டும். ஏழாம் படியில் அவரவர் வார்த்தைகளில் மன்றாடி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு செபத்தோடு முடிக்கிறோம்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் போதும். வழிநடத்துபவர் இறையியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த படிக்குப் போகும் நேரத்தைச் சொல்லவும், மௌனத்தைக் காக்கவும் தெரிந்தால் போதும். தேநீர் கூட்டம் முடிந்த பிறகே வரட்டும். விருந்து வைக்க வசதியில்லை என்று எந்த வீடும் தயங்கக் கூடாது.

அந்தத் தாய் இப்போது வருகிறாரா என்று கேட்பீர்கள். சில வாரம் வருகிறார், சில வாரம் வருவதில்லை. வரும் நாளில் சொல் ஒன்றைச் சொல்கிறார், பகிர்வில் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறார். நாங்களும் அமைதியாக இருக்கக் கற்றுக்கொண்டு வருகிறோம்.

அன்புக்குரியவர்களே, எம்மாவு வழியில் இயேசு கேட்டதனால்தான் அந்த இருவரும் பேசினார்கள். பேசியதனால்தான் அவர்களால் கேட்கவும் முடிந்தது. இந்த வாரம் உங்கள் அன்பியம் கூடும்போது அதே 24ஆம் அதிகாரத்தைத் திறந்து வையுங்கள். உங்கள் தெருவில் முகம் வாடி நிற்பவரை நேரில் போய் அழையுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். மாலை நேரத்தில் தம்மைத் தங்கச் சொல்லி அழைத்தவர்களின் வீட்டுக்குள் நுழைந்த ஆண்டவர் நம் வீடுகளுக்குள்ளும் வந்து, நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.