அத்திப்பட்டு ஸ்டேஷன் ஓரம் என்ன வரும்?

காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் டிபன் பாக்ஸோடு அத்திப்பட்டு புதுநகரில் இறங்குகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்ததும் அதே வண்டியைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம், 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகம், காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம். இத்தனை பொறியியல் குவிந்த இடத்தில், வேலை முடித்த ஃபிட்டரும் பாலிடெக்னிக் மாணவனும் உட்கார்ந்து பேச ஒரு மூலை இல்லை.

பக்கத்து மீஞ்சூருக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. குடியிருப்புக்கு ஒரு நிறம், ஆலைக்கு ஒரு நிறம் என்று மறுபடியும் பிரித்துத் தீட்டிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

அப்படிப் பிரித்ததைக் கலைத்த ஊரும் உண்டு. பார்சிலோனாவின் போப்லெநோ பழைய ஆலைப் பேட்டை. தொழிற்சாலை தவிர வேறெதற்கும் அனுமதியில்லாத அந்த 200 ஹெக்டேரில் 2000ஆம் ஆண்டு நகராட்சி விதியை மாற்றியது. வீடு, ஆய்வுக்கூடம், கல்லூரி, சிறு அலுவலகம் எல்லாம் கலந்தன. விதிக்குப் புறம்பாக நின்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அங்கீகாரம் கிடைத்தது. கூடுதலாகக் கட்ட விரும்பிய உரிமையாளர்கள் 30 சதவீத நிலத்தைப் பொதுவுக்கு விட வேண்டும்: குறைந்த வாடகை வீடு, பூங்கா, பொது வசதிகளுக்கு. அப்படியும் வாடகை ஏறியது, பழைய குடிகள் கொடிபிடித்தார்கள். இங்கே அந்த 30 சதவீதமும் இல்லையென்றால் மெஸ்காரரும் லேத்துப் பட்டறைக்காரரும்தான் முதலில் காலிசெய்வார்கள்.

தொழிலும் படிப்பும் கலப்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் பிடிக்கும் கம்பெனி, பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். வாடகை கட்டினால் மட்டும் போதாது. 2024 மே மாதம் ராக்கெட் விட்ட அக்னிகுல் நிறுவனம் அங்கே வளர்ந்ததுதான்.

'வீடும் ஆலையும் இங்கே ஏற்கெனவே கலந்துதானே கிடக்கின்றன' என்று அத்திப்பட்டுக்காரர்கள் கேட்கலாம். நியாயம்தான். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததும் அப்படித்தான். நிலக்கரியும் சாம்பலும் வீட்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். ஸ்டேஷனிலிருந்து நடை தூரத்தில் வர வேண்டியவை வேறு: லேத்துப் பட்டறை, ஐ.டி.ஐ. சோதனைக்கூடம், பெண் தொழிலாளர் விடுதி, இரவு ஷிஃப்டுக்கும் திறந்திருக்கும் மெஸ்.

தீர்க்க வேண்டிய கணக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக்காற்றில் இரும்பு அரிக்கிறது. சாம்பல் குழாய் கசிகிறது. கசிவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவியை இங்கேயே ஒரு ஷெட்டில் செய்து, மறுநாளே குழாயில் மாட்டிப் பார்க்கலாம். அதற்கு ஸ்டேஷன் ஓரத்துப் பழைய ஷெட்களை இடிக்காமல், குறைந்த வாடகைக்கு விடச் சொல்லி அந்த மீஞ்சூர் திட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.