காலியாகத் தெரியும் கால்கள்

ஜிபிஎஸ் மாட்யூலில் இருப்பவை நான்கே கம்பிகள்: மின்சாரம், கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ். ஆர்டுயினோ ஊனோ பலகையிலும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று பெயர் எழுதிய இரண்டு பின்கள் ஓரத்தில் காலியாக நிற்கின்றன. எண் 1, எண் 0. நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் மாட்யூலை வாங்கி வந்த அன்றே அந்த இரண்டில் செருகிவிட்டேன். புரோகிராமை ஏற்றப் போனால் ஏறவில்லை. கேபிளை மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன், ஒரு மாலைப் பொழுது போனது. கடைசியில் எரிச்சலில் மாட்யூலைப் பிடுங்கிப் போட்டேன். மறு நிமிடமே புரோகிராம் ஏறியது.

குற்றம் மாட்யூலின் மேல் இல்லை. நான் காலி என்று நினைத்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். ஊனோவில் உள்ள அட்மெகா328பி சிப்புக்குச் சீரியல் வாசல் ஒன்றே ஒன்று. கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக வரும் புரோகிராமும் அதே வாசலில்தான் நுழைய வேண்டும். யுஎஸ்பி பக்கத்துச் சிப்புக்கும் இந்தப் பின்களுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து நேராக வந்து செருகும் மாட்யூலுக்கு அந்தத் தடை கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் மாட்யூலின் குரல்தான் எடுபடும். கணினி சொல்வது காதில் விழாது.

இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பேச எதுவும் இல்லாதபோது சீரியல் கம்பி உயர் மின்னழுத்தத்திலேயே நிற்கும். ஓர் எழுத்தை அனுப்பப் போகிறோம் என்றால் முதலில் ஒரு முறை தாழும். அது தொடக்க பிட். பிறகு எட்டு பிட்கள், முடிவில் ஒரு நிறுத்த பிட். தாளம் போடத் தனிக் கம்பி இல்லாததால் இரு தரப்பும் வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நியோ-6எம் இயல்பாக 9600 பாட் வேகத்தில் பேசும். அதாவது ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோவினாடி. டிஎக்ஸ் என்பது வாய், ஆர்எக்ஸ் என்பது காது. இவர் வாய்க்கு எதிரே அவர் காது இருக்க வேண்டும் என்பதால் கம்பிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். டிஎக்ஸை டிஎக்ஸோடு இணைக்காதவர் இந்தத் தொழிலில் யாரும் இல்லை.

இருக்கும் ஒரே வாசலைக் கணினிக்கு விட்டுவிட்டால் ஜிபிஎஸ்ஸுக்கு என்ன வழி? சாஃப்ட்வேர்சீரியல் என்ற நூலகம் சாதாரணப் பின்கள் இரண்டை வாசலாக நடிக்க வைக்கும். 4-ஐக் காதாகவும் 3-ஐ வாயாகவும் அறிவித்தால் போதும். ஆனால் நடிப்புக்குக் கூலி உண்டு. ஓர் எழுத்து வந்து முடியும் வரை, 9600 வேகத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி, சிப் மற்ற இன்டரப்ட் (குறுக்கீட்டு அழைப்பு) எதையும் கவனிக்காது. அதே பலகையில் சர்வோ மோட்டார் இருந்தால் அது நடுங்கத் தொடங்கும். வந்த எழுத்துகளைச் சேர்த்து வைக்க இருப்பதோ 64 பைட் இடம். ஜிபிஎஸ் வினாடிக்குச் சில நூறு எழுத்துகளைக் கொட்டும்போது, புரோகிராமில் ஒரு வினாடி ‘டிலே’ போட்டுத் தூங்கினால் வாக்கியங்கள் பாதியில் அறுந்துதான் கிடைக்கும்.

ஆல்ட்சாஃப்ட்சீரியல் என்ற இன்னொரு நூலகம் இவ்வளவு படுத்தாது. ஆனால் ஊனோவில் 8, 9 பின்களைத் தவிர வேறு எதையும் ஏற்காது. வீம்பு இல்லை, காரணம் இருக்கிறது: சிப்புக்குள் இருக்கும் 1-ஆம் எண் டைமரின் கம்பிகள் அங்கேதான் வெளியே வருகின்றன. அந்த டைமரை இது எடுத்துக்கொள்வதால் 10-ஆம் பின்னில் பிடபிள்யூஎம் (துடிப்பு அகலப் பண்பேற்றம்) கிடைக்காது. இதெல்லாம் தொல்லை என்றால் ஆர்டுயினோ மெகா வாங்கலாம். அதில் நான்கு உண்மையான வாசல்கள்.

இன்னொரு சங்கதி: ஊனோ பேசுவது 5 வோல்ட்டில், நியோ-6எம் சிப் கேட்பது 3.3 வோல்ட்டில். ஊனோவின் வாயிலிருந்து மாட்யூலின் காதுக்குப் போகும் கம்பியில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்து இறக்குவது நல்லது. எதிர்த் திசையில் தேவையில்லை; 3.3 வோல்ட்டை ஊனோ ‘உயர்’ என்றே படித்துக்கொள்ளும். கிரவுண்டுகள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இது விட்டுப்போனால் குப்பை எழுத்துகள் வரும், அல்லது எதுவுமே வராது.

ஈஎஸ்பி32 என்ற வேறொரு பலகைக்கு மாறியபோது நிம்மதி என்று நினைத்தேன். மூன்று சீரியல் வாசல்கள். எந்த வாசலை எந்தப் பின்னில் திறப்பது என்பதையும் நாமே சொல்லலாம், உள்ளே இருக்கும் இணைப்பு வலை பார்த்துக்கொள்ளும். ஆனால் அங்கும் பழைய குடித்தனக்காரர்கள் உண்டு. 6 முதல் 11 வரை உள்ள பின்கள் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகும் வழி. தொட்டால் பலகை செயலிழந்து நின்றுவிடும். 34 முதல் 39 வரை உள்ளவற்றுக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது. 16, 17 எப்போதும் காலி என்று பலர் சொல்வார்கள். கூடுதல் நினைவகம் பொருத்திய ரோவர் வகை மாட்யூலில் அவையும் காலி இல்லை.

எனக்குப் பிடித்த குறும்பு 12-ஆம் பின்னுடையது. பலகை உயிர் பெறும் கணத்தில் அது உயர்ந்திருந்தால், ஃபிளாஷ் நினைவகம் 1.8 வோல்ட்டில் ஓடுவது என்று சிப் முடிவு செய்துகொள்ளும். வழக்கமான பலகைகளில் இருப்பதோ 3.3 வோல்ட் ஃபிளாஷ். பேச்சற்ற சீரியல் கம்பி உயரத்தில் நிற்கும் என்று பார்த்தோம் அல்லவா? ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸை 12-இல் மாட்டினால், அது வாய் திறக்காமலேயே பலகையைத் தொடங்க விடாது. ஓடிக்கொண்டிருக்கும் பலகையில் மாட்டினால் எல்லாம் சரியாக நடக்கும், மறுநாள் காலை மின்சாரம் கொடுக்கும்போதுதான் தெரியும். நான் இப்போது 25, 26-க்குப் போய்விட்டேன்.

பின்கள் சரியாக அமைந்தபின் திரையில் வந்தவை எண்கள் அல்ல, வரிசையாகக் காற்புள்ளிகள். பயப்பட வேண்டாம். இடம் இன்னும் தெரியவில்லை என்பதை ஜிபிஎஸ் அப்படித்தான் சொல்லும். காற்புள்ளி ஒழுங்காக வருகிறது என்றால் கம்பியும் வேகமும் சரி. பலகையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக வேண்டியதுதான்.