வீடு திரும்பிய பிறகு நோயாளியைக் கவனிப்பது யார்?



"நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஆஸ்பத்திரியில் மூன்று ஷிஃப்ட் நர்சுகள் பார்த்த வேலை மறுநாள் காலையிலிருந்து வீட்டிலுள்ள ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மனைவியோ மகளோ மருமகளோ, அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். குணமாகி வந்தவர் பத்தே நாளில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

வேலூர், செய்யாறு, காஞ்சிபுரம் என்று எங்கே சிகிச்சை பெற்றாலும், டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வராதீர்கள். எந்த மாத்திரை புதியது, பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருப்பது தெரியாமல் இரண்டையும் விழுங்குபவர்கள் உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அப்படி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குழாயில் உணவு கொடுப்பது ஆகியவற்றை நர்சின் முன்னால் ஒருமுறை நீங்களே செய்து காட்டுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

படுத்த படுக்கையாக இருப்பவரை இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு, குதிகால், முதுகுப் பக்கம் தோல் சிவந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போதும், பிறகு அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும்.

நம் பகுதி நெசவாளிகள் நாள் முழுவதும் தறிக்குழியில் கால் வைத்து மிதிப்பவர்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவருக்குச் சிறு காயம் பட்டாலும் தெரியாது. ஆகவே தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்ப்பது அவசியம்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் வராமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

வீடு தேடி வரும் நர்ஸ்

தமிழ்நாடு அரசு 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு வட்டார அளவில் உள்ள நோய் ஆதரவு செவிலியரும், பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் நோயாளி இருப்பது அவர்களுக்குத் தெரிந்தால்தானே வருவார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலுடன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நாம் செய்யக்கூடியது

கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு குழு வலி நிவாரணப் பணியைத் தொடங்கியது. பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, நர்சுடன் வீடு வீடாகச் செல்லத் தொடங்கினார்கள். கடைக்காரர், மாணவர், குடும்பப் பெண் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பணத்தைவிட, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க மனமுள்ள மனிதர்கள்தான் அங்கே முதலீடு.

நோயாளியைப் பார்த்து துஆ செய்வது நம்மிடம் ஏற்கெனவே உள்ள நல்ல வழக்கம். அடுத்த முறை போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போய், பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து வருவதோடு நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாத்திரை தீர்ந்துவிட்டதா? மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டிய தேதி என்ன, கூட்டிப் போக ஆள் உண்டா? இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினார்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டபின், ஒரு மணி நேரம் நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு அவரைத் தூங்கச் சொல்லுங்கள். அதுவும் நோயாளிக்குச் செய்யும் சேவைதான்.