மேயர் நாற்காலிக்கு யார் ஓட்டு?

பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்தால் ஊர்ப் பேச்சில் எப்படியும் இது வந்துவிடும்: "ஏனுங்ண்ணா, நம்ம மேயருக்கு நாம எப்பங்க ஓட்டுப் போட்டோம்?"

போடவில்லைங்க. 2022 பிப்ரவரி 19 அன்று கோவைக்காரர் போட்டது வார்டு கவுன்சிலருக்கான ஒரே ஓட்டு. 100 வார்டில் 96 தி.மு.க. கூட்டணிக்குப் போயிற்று. மார்ச் 4 அன்று டவுன்ஹாலில், 1892இல் கட்டிய அதே விக்டோரியா ஹாலில், கவுன்சிலர்கள் கூடினார்கள். தி.மு.க.வின் கல்பனா ஆனந்தகுமாரை எதிர்த்து யாரும் மனு கொடுக்கவில்லை. மேயர் ஆகிவிட்டார்; கோவையின் முதல் பெண் மேயர். இதற்குப் பெயர் மறைமுகத் தேர்தல்.

எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. 1866இல் நகராட்சி வந்தபோது தலைவர், நூற்பாலை வைத்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. 1981இல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் முதல் மேயரைப் பார்க்க 1996 வரை காத்திருந்தோம். அந்த வருஷம் ஆளுக்கு இரண்டு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. த.மா.கா.வின் கோபாலகிருஷ்ணன் ஜெயித்தார். 2001இல் மலரவன், அதுவும் நேரடிதான். 2006இல் தி.மு.க. அரசு மறைமுகமாக்கியது, கூட்டணிப் பங்கீட்டில் நாற்காலி காங்கிரஸின் வெங்கடாசலத்துக்கு. 2011இல் அ.தி.மு.க. அதை நேரடியாக்கியது. அதே அ.தி.மு.க. 2016இல் மறைமுகம், 2018இல் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். சட்டம் இப்படிப் புரண்டுகொண்டிருந்த காலம் உட்பட, 2016 கடைசியிலிருந்து 2022 வரை இங்கே கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி.

மேயர் நேரடியாக ஜெயித்துவிட்டால் கட்சிக்குக் கட்டுப்பட மாட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 2011இல் ஊரே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த செ.ம.வேலுசாமி 2014இல் பாதியிலேயே ராஜினாமா செய்தார். கவுன்சிலர்கள் கொண்டுவந்த கல்பனாவும் 2024 ஜூலையில் ராஜினாமா செய்தார். வித்தியாசம் அதற்கப்புறம்தான். 2014 செப்டம்பரில் மொத்த ஊருக்கும் இடைத்தேர்தல் நடந்தது. தி.மு.க. ஒதுங்கிக்கொண்டாலும், அ.தி.மு.க.வின் கணபதி ராஜ்குமாருக்கும் பா.ஜ.க.வின் நந்தகுமாருக்கும் நடுவே மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024 ஆகஸ்ட் 6 அன்று மறுபடி ஒரே மனு. 29ஆவது வார்டு ரங்கநாயகி போட்டியின்றி மேயர்.

மறைமுகத்தில் போட்டியே வராது என்றும் சொல்லிவிட முடியாது. ரங்கநாயகி மேயரானதற்கு முந்தின நாள் திருநெல்வேலியில் தி.மு.க. வேட்பாளருக்கு எதிராக அதே கட்சிக் கவுன்சிலர் ஒருவர் நின்று 23 ஓட்டு வாங்கினார். ஜெயித்தவருக்கு 30. வாக்குச்சீட்டு ரகசியம் என்பதால் யார் கை மாறியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இத்தனைக்கும் மேயர் அங்கியும் செங்கோலுமாக மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறவர்தான். நிர்வாகம் அரசு அனுப்பும் ஆணையர் கையில். அவரை நேரடியாகவும் சரி, மறைமுகமாகவும் சரி, நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

நாம் நேரடியாக ஓட்டுப் போட்ட கடைசி மேயர் கணபதி ராஜ்குமார் பின்னால் தி.மு.க.வுக்குப் போனார். 2024இல் அண்ணாமலையைத் தோற்கடித்து எம்.பி.யும் ஆகிவிட்டார்.