கூவிக்கு எப்படித் தெரிந்தது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது மூணாறு அருகிலுள்ள பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மண் சரிந்து, தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. 70 பேரை இழந்தோம். ஒரு வாரம் கழித்து, கூவி என்ற நாய் ஆற்று நீரையே வெறித்தபடி நின்றது. அங்கே தேடியபோது, அது பாசம் வைத்திருந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் மரத்தில் சிக்கியிருந்தது.

எப்படி? நீருக்குள் இருக்கும் உடலின் வாசனை மேலெழுந்து காற்றில் கலக்கும். நாய் இழுக்கும் காற்றில் ஒரு பங்கு நேரே மோப்பப் பகுதிக்குப் போகிறது. வெளிமூச்சு மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே விலகுவதால் வாசனை கலைவதில்லை.

ஏன் தேடியது? பழகிய மனிதரின் வாசனைக்கு, நாய் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புடைய பகுதி விழித்துக்கொள்வதை ஸ்கேன்கள் காட்டியுள்ளன.

அதனால், துக்க வீட்டில் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் நாயை விரட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.