'பிளான்' ஒன்று போதுமா? வீடு கட்டும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டிய வரைபடங்கள்!

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற 70 பேர் தீயில் இறங்கிய கதை திருவாலங்காட்டுப் பக்கம் இன்றும் சொல்லப்படுகிறது. ஊருக்கு அருகே இருக்கும் பழையனூரின் நீலி கதைதான் அது. நீலியைக் கண்டு பயந்த வணிகனிடம், ''உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்'' என்று ஊர் வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். மறுநாள் அவன் பிணமாகக் கிடந்தான். 70 பேரும் சொன்ன சொல்லை நிறைவேற்றினார்கள்.

அதே மண்ணில் இன்று ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், பெரும்பாலும் அதுவும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. ''பாத்ரூம் இந்தப் பக்கம் வந்துடும்'', ''மாடிப்படி அடியில ஒரு ரூம் போட்டுக்கலாம்'', ''கம்பி எல்லாம் நான் பாத்துக்குறேன்'' என்று மேஸ்திரி சொல்வார். வீட்டுக்காரரும் தலையாட்டுவார். ஆறு மாதம் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்பதில் சண்டை வரும். சுவரை இடித்துக் கட்டினால், இடித்த கூலியும் கட்டிய கூலியும் வீட்டுக்காரர் தலையில்தான்.

இந்தச் சண்டையைத் தவிர்க்க ஒரே வழி, சொல்லைக் காகிதத்தில் கொண்டுவருவது. 'பிளான்தான் போட்டாச்சே' என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதிக்காகப் போட்ட அந்த ஒரு தாளை வைத்து ஒரு வீட்டை முழுதாகக் கட்டிவிட முடியாது. ஒவ்வொரு வரைபடமும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. உதாரணத்துக்கு, திருவாலங்காட்டில் 30-க்கு 40 அடி மனை (1,200 சதுர அடி, சுமார் இரண்டே முக்கால் சென்ட்) வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

1. சைட் பிளான்: என் இடம் எதுவரை?

எல்லையை எழுதிவைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உலகப் புகழ் பெற்றவை. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் பழையனூர் கிராமம் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதைச் சொல்பவை அவை. பெண் யானையை ஊரைச் சுற்றி நடக்கவிட்டு எல்லையை வகுத்து, அதைச் செம்பில் பொறித்து வைத்தார்கள்.

இன்று யானைக்குப் பதிலாகப் பட்டாவும், எஃப்.எம்.பி எனப்படும் புல வரைபடமும் இருக்கின்றன. தமிழக அரசின் இணையச் சேவை தளத்தில் இவற்றைப் பார்க்கலாம். முதல் வேலை, பத்திரத்தில் உள்ள அளவும், புல வரைபடத்தில் உள்ள அளவும், தரையில் டேப் பிடித்து அளந்த அளவும் ஒன்றா என்று பார்ப்பது. பத்திரத்தில் 30 அடி என்று இருக்கும். தரையில் பின்பக்கம் 29 அடி 3 அங்குலம்தான் இருக்கும். இது தெரியாமல் கட்டினால் சுவர் பக்கத்து மனைக்குள் போய்விடும். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவதே நல்லது.

எல்லை உறுதியான பிறகு வரைவதுதான் சைட் பிளான். மனையின் நான்கு பக்க அளவு, வடக்குத் திசை, முன்னால் உள்ள தெருவின் அகலம், வீட்டைச் சுற்றி விடவேண்டிய காலியிடம், போர்வெல், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழி ஆகியவை இதில் இருக்க வேண்டும். சிறிய மனையில் போர்வெல்லும் செப்டிக் டேங்க்கும் அருகருகே வந்துவிடும் ஆபத்து அதிகம். உங்களுடைய போர்வெல்லை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் இந்தத் தாளில் குறித்துவிட்டால், தள்ளி வைக்க இடம் தேடலாம்.

2. ஃப்ளோர் பிளான்: எந்த அறை எங்கே?

எல்லோரும் 'பிளான்' என்று சொல்வது இதைத்தான். கட்டி முடித்த வீட்டைத் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் கிடைமட்டமாக அறுத்து, மேல் பாதியை எடுத்துவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஃப்ளோர் பிளான். சுவர், கதவு திறக்கும் பக்கம், ஜன்னல், படி எல்லாம் அதில் தெரியும்.

இங்கேதான் பெரிய ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. நம் உதாரணக் குடும்பம் இரு பக்கமும் மும்மூன்று அடி விட்டதாக வைத்துக்கொள்வோம். வீட்டின் வெளி அகலம் 24 அடி. 'அப்படியென்றால் 12 அடியில் இரண்டு அறை' என்று மனக்கணக்குப் போடுவார்கள். வெளிச்சுவர்கள் இரண்டும் 9 அங்குலம் என்றால் ஒன்றரை அடி போய்விடும். நடுவில் நாலரை அங்குலச் சுவர் ஒன்று. மிச்சம் 22 அடி சொச்சம். பூச்சையும் கழித்தால் அறைக்கு 11 அடிதான். ஆகவே பிளானைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ''இது உள் அளவா, வெளி அளவா?''

அடுத்து, கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றை அதே அளவுகோலில் பிளானில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா, பீரோ ஜன்னலை மறைக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். வாஸ்து, மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் அதற்கான மாற்றங்களையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடக்கால் தோண்டிய பிறகு சமையலறையை மூலை மாற்றினால், மற்ற எல்லா வரைபடமும் பொய்யாகிவிடும்.

3. எலிவேஷன், செக்‌ஷன்: வெளித்தோற்றமும் உயரமும்

எலிவேஷன் என்பது வீட்டைத் தெருவில் நின்று நேராகப் பார்க்கும் படம். வண்ணத்தில், செடி கொடியோடு வரும் 3டி படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் அளவு இருக்காது. கொத்தனாருக்குத் தேவை அளவு குறித்த எலிவேஷன்.

பலர் கேட்டு வாங்காமல் விடுவது செக்‌ஷனைத்தான். கேக்கை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே அடுக்கடுக்காகத் தெரியுமே, அதுபோல வீட்டைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படம் இது. அஸ்திவார ஆழம், தரைமட்டம், ஜன்னல் தொடங்கும் உயரம், லிண்டல், கூரை உயரம் எல்லாம் இதில்தான் இருக்கும்.

இரண்டு விஷயங்களை இதில் கட்டாயம் பாருங்கள். ஒன்று, தெருவைவிட வீட்டின் தரைமட்டம் எத்தனை அடி உயரம் என்பது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. இன்றைக்கு ஓர் அடி உயர்த்திக் கட்டினால், சில வருடங்களில் மழைநீர் வாசலுக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது, மாடிப்படி. தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் 120 அங்குலம். ஒரு படி 7 அங்குல உயரம் என்றால் சுமார் 17 ஏற்றம் வேண்டும். கால் வைக்க ஒவ்வொரு படிக்கும் 10 அங்குலம் என்றால், நேராகப் போட்டால் 13 அடிக்கு மேல் நீளம் தேவை. அதனால்தான் பாதியில் திரும்பும் படி போடுகிறார்கள். அந்தத் திருப்பம் 5 அடி சொச்சம் உயரத்தில் வரும். அதன் அடியில் கழிப்பறை போட்டால் தலை இடிக்கும்! செக்‌ஷன் படம் இருந்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்: உயிரைக் காக்கும் தாள்

பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். கைவைக்கவே கூடாத இடமும் இதுதான். 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் வீடு இரண்டு தளம்தான் என்றாலும், எடை எப்படி மண்ணுக்கு இறங்குகிறது என்ற கணக்கு இதற்கும் உண்டு.

இந்தத் தாள்களைக் கட்டமைப்புப் பொறியாளர் தருவார். ஃபூட்டிங், பில்லர், பீம், ஸ்லாப், படிக்கட்டு என ஒவ்வொன்றிலும் எத்தனை கம்பி, எந்தத் தடிமன், என்ன இடைவெளி என்று அதில் இருக்கும். ''ஒய் 8, 150 சி/சி'' என்று எழுதியிருந்தால், 8 மி.மீ கம்பிகளை ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு 150 மி.மீ (சுமார் 6 அங்குலம்) இடைவெளியில் வைக்க வேண்டும் என்று அர்த்தம். கம்பிக்கு வெளியே எத்தனை மி.மீ கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதும் இருக்கும். இந்தியத் தர விதி ஐ.எஸ் 456-ன்படி சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்குக் குறைந்தது 20 மி.மீ, பில்லருக்கு 40 மி.மீ, ஃபூட்டிங்குக்கு 50 மி.மீ. கவர் பிளாக் வைப்பது இதற்காகத்தான்.

இந்தத் தாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பால்கனியும் சன்ஷேடும் சரியான உதாரணம். இரு பக்கமும் சுவர் தாங்கும் சாதாரண ஸ்லாபில், நடுப்பகுதியின் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் அது மேல்பக்கம் இருக்க வேண்டும். பழக்கத்தில் அடியில் வைத்துவிட்டால், சென்டரிங் பிரிக்கும்போதோ, பத்துப் பேர் ஏறி நிற்கும் நாளிலோ பால்கனி விழும் ஆபத்து உண்டு. கான்கிரீட் போட்ட பிறகு கம்பி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, மண். திருவாலங்காடு நெல்லும் கரும்பும் விளையும் பகுதி. விளைநிலத்தை ஒட்டி மண் கொட்டி உயர்த்திய மனைகளில், கொட்டிய மண்ணின் மேல் ஃபூட்டிங் உட்கார்ந்தால் பிற்பாடு இறங்கிச் சுவர் விரிசல் விடும். மண் பரிசோதனை செய்து, கெட்டியான மண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தே ஃபூட்டிங் வரைய வேண்டும். 'பிள்ளை வேலைக்குப் போனதும் மாடி கட்டலாம்' என்ற எண்ணம் இருந்தால் அதையும் பொறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மாடியின் எடையைத் தாங்கும் அஸ்திவாரத்தை இன்றுதான் போட முடியும்.

5. சென்டர் லைன்: கடக்காலுக்கு முன் கடைசித் தாள்

பூமி பூஜை முடிந்ததும் முளை அடித்து நூல் கட்டுவார்கள். எந்தப் பில்லரின் நடுப்புள்ளி எங்கே என்று காட்டும் சென்டர் லைன் வரைபடம் அந்த வேலைக்கானது. நூல் கட்டி முடித்ததும், இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். செவ்வக வீட்டில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூலை கோணிவிட்டது என்று பொருள்.

6. மின்சாரம், தண்ணீர்

ஃபேன் கொக்கி, லைட் பாயின்ட்டுக்கான பைப் எல்லாம் கூரைக் கான்கிரீட்டுக்கு முன்பே கம்பியோடு போட வேண்டும். ஏ.சி., இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச், கட்டில் பக்கத்தில் செல்போன் சார்ஜர் பாயின்ட் என்று யோசித்துக் குறித்துவிட்டால், புதுச் சுவரைக் குடைய வேண்டியிருக்காது. தண்ணீர் வரைபடத்தில் குழாய் போகும் வழி, கழிவுநீர்க் குழாயின் சரிவு, சேம்பர் இருக்கும் இடம் ஆகியவை வேண்டும். நாளைக்கு டைல்ஸில் டிரில் போடும்போது குழாயை உடைக்காமல் இருக்க இந்தத் தாள்தான் உதவும்.

கையெழுத்து உங்களுடையது!

அனுமதி விஷயத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கொண்ட வீடு கட்ட, சுயசான்று மூலம் உடனடி அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. ஒற்றைச்சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நம் உதாரணக் குடும்பத்தின் மனை இந்த அளவுக்குள் வருகிறது.

வேலை எளிதாகிவிட்டது, பொறுப்பு கூடியிருக்கிறது. வரைபடமும் ஆவணங்களும் சரியானவை என்று உறுதி சொல்பவர் வீட்டு உரிமையாளர். தவறான தகவல் என்று தெரிந்தால் சிக்கல் அவருக்குத்தான். வங்கிக் கடன் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்துக்கும் கட்டிய வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அடுத்த தவணைப் பணம் தடைப்படலாம்.

அரசு உதவியில் சிறிய வீடு கட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு குறைந்தது 360 சதுர அடி. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு கதவு தப்பான பக்கம் வந்தாலே புழங்கும் இடம் குறைந்துவிடும்.

வாட்ஸ்அப் பிளான் ஜாக்கிரதை

இப்போது பிளான் வருவதே வாட்ஸ்அப்பில்தான். 1:100 அளவுகோல் என்றால் தாளில் 1 செ.மீ, தரையில் 1 மீட்டர். செல்போன் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இந்தக் கணக்கு உடைந்துவிடும். எழுதியிருக்கும் எண்ணை மட்டுமே நம்புங்கள். திருத்திய வரைபடம் வந்தால் பழையதை அழித்துவிடுங்கள். மேஸ்திரி போனில் பழைய பிளானும் உங்கள் போனில் புதிய பிளானும் இருந்தால், கட்டப்படுவது பெரும்பாலும் பழையதுதான்.

கடக்கால் தோண்டும் முன் சரிபாருங்கள்

* பத்திரம், புல வரைபடம், தரை அளவு மூன்றும் ஒத்துப்போகின்றனவா?
* ஒவ்வொரு தாளிலும் தேதியும், எத்தனையாவது திருத்தம் என்பதும் இருக்கிறதா?
* ஃப்ளோர் பிளானில் உள்ள பில்லர்களும், ஸ்ட்ரக்சுரல் தாளில் உள்ள பில்லர்களும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?
* பொறியாளரின் கையெழுத்து இருக்கிறதா? கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட்டுக்கு முன் அவர் வந்து பார்ப்பாரா?
* மேஸ்திரியிடம் ஒரு செட் காகிதத்தில் கொடுத்தாயிற்றா? இந்த வரைபடங்களின்படிதான் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியாயிற்றா?
* மூடுவதற்கு முன் கம்பி, குழாய், ஒயர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்க ஏற்பாடு இருக்கிறதா?

நல்ல மேஸ்திரி வரைபடம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெளிவாகிவிடும். பிற்பாடு பழியும் அவர் மேல் வராது. பழையனூர் வேளாளர்களைப் போல வாக்குக்காக உயிரைக் கொடுக்கும்படி இன்று யாரையும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். சொன்னதைத் தாளில் வரைந்து, அளவு போட்டு, கையெழுத்து வாங்கினால் போதும். தாளில் தவறு என்றால் ரப்பரால் அழித்துவிடலாம். கான்கிரீட்டில் தவறு என்றால் சுத்தியல்தான் எடுக்க வேண்டும்.