மூன்று முறை மட்டும் கைதட்டுங்கள்!

சான் பிரான்சிஸ்கோவில் பெரியவர்களுக்கென்றே ஓர் ஆள் சேர்ப்பு நடக்கிறது. வேலைக்கு அல்ல, மூளை ஆராய்ச்சிக்கு! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நினைவாற்றல், முதுமை மையத்துக்குள் எட்டிப் பார்ப்போமா?

அபூர்வமான மறதி நோய்களை ஆராயும் கோட்டை அது. நடிகர் புரூஸ் வில்லிசுக்கு வந்திருப்பதாக 2023இல் குடும்பத்தார் அறிவித்தார்களே, சுபாவத்தையே மாற்றும் அந்த எஃப்.டி.டி.; ஆளைப் பின்பக்கமாகச் சாய்த்து விழவைக்கும் பி.எஸ்.பி.; ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவரைப் பிடிக்கும் சி.ஜே.டி. இந்தக் கடைசி நோய்க்குக் காரணமான பிரியான் என்ற புரதத்தைக் கண்டறிந்து 1997இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்டான்லி புரூசினர் இதே பல்கலைக்கழகத்துக்காரர்தான்.

நோயாளிகளைத் தேடுவார்கள், சரி. ஆனால் ஒரு நோயும் இல்லாத பெரியவர்களுக்கும் அங்கே ஏக கிராக்கி! எழுபத்தைந்து வயதில் மூளை இயல்பாக எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்தால்தானே, நோய் எவ்வளவு சுருக்கியது என்று கணக்குப் போட முடியும்?

முதலில் போனில் விசாரணை. பக்கவாதம் வந்ததுண்டா? தலையில் பலத்த அடி? என்னென்ன மாத்திரை? உடம்புக்குள் பேஸ்மேக்கர் உண்டா? மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. காந்தமாயிற்றே! அடுத்த நிபந்தனைதான் அட்டகாசம்: நன்றாகப் பழகிய ஒருவர் கூட வரவேண்டும். கணவரோ, மனைவியோ, மகளோ, நண்பரோ, அவரிடம் உங்களைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். சுபாவம் மாறிவிட்டதா, இனிப்பை அள்ளி அள்ளித் தின்கிறாரா, பிறர் கண்ணீரைப் பார்த்தும் சலனமே இல்லையா? எஃப்.டி.டி. வந்தவருக்குத் தான் மாறியது பெரும்பாலும் தெரியாது. ஆகவே, போட்டுக்கொடுக்கும் ஆளை நாமே அழைத்துப் போகவேண்டும்!

பிறகு சோதனைகள். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்வீர்கள்? இருவர் பேசும் வீடியோவைப் போட்டு, ‘இவர் நிஜமாகவே பாராட்டுகிறாரா, நக்கலடிக்கிறாரா?’ என்றும் கேட்பதுண்டு. எஃப்.டி.டி.காரர்கள் பலர் நக்கலை அப்படியே நம்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது கைதட்டல் சோதனை. மூன்று முறை மட்டும் தட்டச் சொல்வார்கள். அவ்வளவுதான்! பி.எஸ்.பி. உள்ளவர் பலருக்கு நான்கு, ஐந்து, ஆறு என்று கை தட்டிக்கொண்டே போகும்; நிறுத்த வராது. விலையுயர்ந்த கருவிகளுக்கு நடுவில் இப்படி ஒரு செலவில்லாத சோதனை!

நோயாளிகள் கிடைப்பதுதான் பெரும்பாடு. சி.ஜே.டி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பி.எஸ்.பி.யோ பல நேரம் பார்க்கின்சன் என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்க்கப்படுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் அடிக்கடி பின்பக்கமாக விழுகிறாரா, கண்ணைத் தாழ்த்திப் பார்க்கச் சிரமப்படுகிறாரா? ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.